ஒரே அம்பு, சத்தமே இல்லை! கொல்லிமலை வல்வில் ஓரியின் கதை

கொல்லிமலைக்கு பைக்கில் ஏறியவர்களுக்கு அந்த 70 கொண்டை ஊசி வளைவுகள் மறக்கவே மறக்காது. காரவள்ளி அடிவாரத்தில் வேர்த்துக் கொட்டும். வளைவு ஏற ஏற காற்று குளிர்ந்துகொண்டே வரும். மேலே செம்மேட்டுக்கு வந்தால் வல்வில் ஓரியின் சிலை. அங்கே ஒரு செல்ஃபி, பக்கத்துக் கடையில் ஒரு டீ, அப்புறம் ஆகாய கங்கை அருவி. பெரும்பாலான டிரிப் இப்படித்தான் போகும்.

அந்த டீயைக் கொஞ்சம் மெதுவாகக் குடித்துப் பாருங்கள். பக்கத்து பெஞ்சில் விவசாயிகள் பேசுவது காதில் விழும். மிளகு விலை, மழை, அப்புறம் காட்டுப்பன்றி. ராத்திரியோடு ராத்திரியாகக் கூட்டமாக வந்து மரவள்ளித் தோட்டத்தைக் கிளறிப் போட்டுவிட்டுப் போய்விடும். பட்டாசு வெடித்தால் இன்றைக்கு ஓடும், நாளைக்குத் திரும்பி வரும்.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்த பையன் கையில் இப்போது போன் இருக்கிறது. அதில் வெளிநாட்டு விவசாயி ஒருவர் வருகிறார். ரைஃபிள் முனையில் தடியாக ஒரு குழாய். சுடுகிறார். டமால் என்று எதுவும் கேட்கவில்லை, 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். தூரத்தில் முயல் சாய்கிறது. உடனே ஒரு கேள்வி வரும், இல்லையா? இப்படி ஒண்ணு நம்ம மலைக்கு இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்!

அந்தக் கேள்விக்கு இந்த மலையில் ஏறக்குறைய 2,000 வருடப் பழைய பதில் ஒன்று இருக்கிறது. சத்தம் போடாத ஆயுதம், குறி தப்பாத கை, எதிரே காட்டுப்பன்றி. மூன்றும் சேர்ந்த அந்தக் கதையின் ஹீரோவுக்குக் கீழேதான் நீங்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டீர்கள்.

யார் இந்த ஓரி?

சங்க காலத்தில் சேர, சோழ, பாண்டியர் என்ற மூன்று பெரிய வேந்தர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு நடுவே மலைகளையும் சிறு நாடுகளையும் ஆண்ட குறுநில மன்னர்கள் பலர். அவர்களில் ஏழு பேரின் பெயரை, கொடுப்பதில் யாரும் மிஞ்ச முடியாதவர்கள் என்று நல்லூர் நத்தத்தனார் சிறுபாணாற்றுப்படையில் வரிசையாகச் சொல்கிறார். பேகன், பாரி, காரி, ஆய், அதியமான், நள்ளி, ஓரி. ஸ்கூலில் கடையெழு வள்ளல்கள் என்று மனப்பாடம் செய்தோமே, அந்த லிஸ்ட்தான். மயிலுக்குப் போர்வை கொடுத்தவர் பேகன், முல்லைக்குத் தேர் கொடுத்தவர் பாரி, ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவர் அதியமான் என்று எல்லோருக்கும் ஒரு கதை நினைவிருக்கும். லிஸ்ட்டில் கடைசியாக வரும் ஓரியைத்தான் பலரும் மறந்துவிடுவோம்.

ஓரி ஆண்டது கொல்லிமலை. இன்றைய நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலைகளில், ஆயிரம் மீட்டருக்கும் மேலே இருக்கும் அதே மலை. அந்தக் காலத்துப் பாடல்களில் இந்த மலை பலாவுக்குப் பேர்போனது. இன்றும் சீசனில் போனால் பலா வாசனை மூக்கைத் துளைக்கும்.

அவருடைய குதிரைக்கும் ஓரி என்றே பெயர். மன்னருக்கும் குதிரைக்கும் ஒரே பெயர் என்பது இவரோடு நிற்கவில்லை. லிஸ்ட்டில் இருக்கும் இன்னொரு வள்ளலான காரியின் குதிரைக்குக் காரி என்று பெயர். இந்தக் காரியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் கடைசியில் வருவார்.

வல்வில் என்பது ஓரிக்குப் புலவர்கள் வைத்த அடைமொழி. வலிமையான வில் என்று அர்த்தம். அந்த வில் என்ன செய்தது என்பதைத்தான் புறநானூற்றின் 152-வது பாடலில் வன்பரணர் என்ற புலவர் சொல்கிறார்.

காட்டில் பார்த்த அந்த ஆள்

காட்சி இதுதான். பாணர்களும் விறலியரும் அடங்கிய ஒரு கலைக்குழு, பரிசு தேடிக் காட்டு வழியாக நடந்து வருகிறது. தோளில் யாழ், முழவு, பறைகள். பசி. தூரத்தில் ஒரு வேட்டைக்காரர் வில்லை வளைப்பதைப் பார்க்கிறார்கள்.

அம்பு பறக்கிறது. முதலில் ஒரு யானையை வீழ்த்துகிறது. அதோடு நிற்கவில்லை. யானையைத் துளைத்து வெளியே வந்து, வாயைப் பிளந்து நின்ற ஒரு புலியைக் கொல்கிறது. அதையும் தாண்டி, கொம்புள்ள ஒரு புள்ளிமானைச் சாய்க்கிறது. அதற்கும் பின்னால் ஒரு காட்டுப்பன்றி, அதுவும் காலி. கடைசியில் பக்கத்துப் புற்றில் இருந்த ஓர் உடும்பின் மேல் போய்த் தைத்து நிற்கிறது.

ஒரே அம்பு. ஐந்து உயிர்.

பார்த்துக்கொண்டிருந்த குழுவுக்கு மூச்சே நின்றுவிட்டது. யார் இவர்? வேட்டையாடி விற்றுப் பிழைக்கும் ஆள் மாதிரி தெரியவில்லை. மார்பில் சந்தனம், கழுத்தில் மணி மாலை. பார்த்தால் வசதியான வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கிறார். ஒருவேளை இவர்தான் ஓரியோ? கேட்டுவிடலாமா, வேண்டாமா?

குழுத் தலைவருக்கு ஒரு யோசனை. விறலியைப் பாடச் சொல்லி, மற்றவர்களை வாத்தியங்களை எடுக்கச் சொல்கிறார். முறைப்படி எல்லாத் துறைகளையும் பாடி முடித்து, கடைசியில் மன்னரை அழைக்கும் சொல்லைச் சொல்கிறார்கள். ரியாக்‌ஷன் பார்க்கலாம் என்பதுதான் பிளான்.

அந்தச் சொல் காதில் விழுந்ததும் அந்த ஆள் வெட்கப்பட்டுத் தலை குனிகிறார். ஆமாம், நான்தான் என்றுகூடச் சொல்லவில்லை. நாங்கள் எத்தனையோ நாடு சுற்றியிருக்கிறோம், உங்களைப் போல ஒரு வேட்டைக்காரரைப் பார்த்ததில்லை என்று அவர்கள் புகழ ஆரம்பித்ததும் பேச்சை வளர விடவில்லை. தான் வேட்டையாடிய மானின் கொழுத்த இறைச்சியைச் சமைத்துக் கொடுத்தார். உருக்கிய நெய் மாதிரி இருந்த மதுவை ஊற்றிக் கொடுத்தார். தன் மலையில் பிறந்த பொன்னையும் மணிகளையும் கலந்து அள்ளி, அந்தக் காட்டு வழியிலேயே அவர்கள் கையில் வைத்தார்.

ஐந்து விலங்குகளை ஒரே அம்பில் வீழ்த்தியவர், தன் பெயரைக் கேட்டதும் கூச்சப்படுகிறார். வன்பரணர் பாட்டில் அம்பு போன வேகத்தைவிட அந்தக் கூச்சம்தான் மனசில் நிற்கும். அம்பும் சத்தமில்லாமல் போனது, எய்தவரும் சத்தமில்லாமல் நின்றார்.

நிஜமா பாஸ்?

நிஜமாக நடந்திருக்குமா? யானையின் உடம்பைத் துளைத்து வெளியே வந்து புலியையும் கொல்ல எந்த வில்லாலும் முடியாது. அது புலவரின் உயர்வு நவிற்சி. யானையிலிருந்து உடும்பு வரை பெரியதிலிருந்து சிறியதாக அந்த வரிசை இறங்குவதைப் பாருங்கள். மலையில் வாழும் அத்தனையும் இவர் குறிக்குள் என்று சொல்லும் ஒரு வழி அது.

ஆனால், அந்த மிகைக்கு அடியில் ஒரு நிஜமான திறமை இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்குப் போதும்.

சத்தம் காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மரவில்லில் இருந்து போகும் அம்பு விநாடிக்குச் சுமார் 50 மீட்டர்தான். 25 மீட்டர் தள்ளி ஒரு மான் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாணின் சத்தம் கண் இமைப்பதற்குள் மானுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அம்பு போய்ச் சேர அரை விநாடி ஆகும். மிரண்டு துள்ள மானுக்கு அந்த அரை விநாடி தாராளம். இன்றும் வெளிநாடுகளில் வில்லால் வேட்டையாடுபவர்களுக்கு இதுதான் தலைவலி. அதற்காகவே நாணில் கம்பளிக் குஞ்சம், ரப்பர் துண்டு எல்லாம் கட்டுகிறார்கள். நாண் அதிர்வதை அது குறைக்கும். வில்லுக்கு ஒரு சைலன்ஸர் என்று சொல்லலாம்.

ரைஃபிளில் இந்தக் கணக்கு தலைகீழ். பெரிய ரைஃபிளின் தோட்டா விநாடிக்கு 800 மீட்டர் போகும், அதாவது சத்தத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வேகம். விலங்குக்குச் சத்தம் கேட்பதற்கு முன்பே தோட்டா வந்துவிடும். ஆக, அமைதி அதிகம் தேவைப்படுவது துப்பாக்கிக்காரருக்கு அல்ல, வில்லாளிக்குத்தான். கிட்டே போக வேண்டும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க வேண்டும், சருகு மிதிபடக் கூடாது. காட்டுப்பன்றிக்குக் கண் பார்வை சுமார்தான். ஆனால் மூக்கும் காதும் பயங்கர ஷார்ப். காற்று தப்பான பக்கம் அடித்தால் எவ்வளவு அமைதியான ஆயுதம் இருந்தும் வேஸ்ட்.

ஓரி வல்லவர் என்றால் வில்லை இழுக்கும் தோள் பலம் மட்டும் காரணமில்லை. அந்த 25 மீட்டருக்குள் தன் வாடையும் சத்தமும் தெரியாமல் போய் நிற்கத் தெரிந்தவர் என்று அர்த்தம்.

இங்கே தமிழ் ஒரு வேடிக்கை செய்கிறது. சிலை என்ற சொல்லுக்கு நாம் அறிந்த சிலை தவிர வில் என்றும் அர்த்தம் உண்டு. வில் செய்யும் ஒரு மரத்துக்கும் அதே பெயர். சிலைத்தல் என்றால் ஒலித்தல். வில்லும் அதன் ஒலியும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. வில்லாளிக்கு ஒலி எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அந்தச் சொல்லே ஞாபகப்படுத்துகிறது.

அந்தக் குழாய்க்குள் என்ன இருக்கு?

சரி, வீடியோவில் பார்த்த அந்தக் குழாய்க்கு வருவோம். துப்பாக்கி வெடிக்கும்போது, மருந்து எரிந்து உண்டாகும் சூடான வாயு குழல் முனையில் ஒரேயடியாக வெளியே பாயும். டமால் சத்தத்தில் பெரும்பங்கு அதுதான். அந்தக் குழாய்க்குள் வரிசையாகத் தடுப்புத் தட்டுகள் இருக்கும். வாயு அவற்றில் முட்டி மோதி, வேகமும் சூடும் குறைந்து வெளியே வரும். உங்கள் பைக் சைலன்ஸர் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். 1909-ல் துப்பாக்கி சைலன்ஸருக்குக் காப்புரிமை வாங்கிய அமெரிக்கர் ஹிராம் பெர்சி மாக்சிம், இயந்திரங்களின் சத்தத்தைக் குறைக்கும் வேலையிலும் இறங்கியவர். இவருடைய அப்பா யார் தெரியுமா? உலகமே அலறிய மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர்! அப்பா சத்தத்தைக் கூட்டினார், பையன் குறைத்தார்.

சினிமாவில் வருவது மாதிரி சைலன்ஸர் போட்டால் சத்தமே வராது என்பது கதை. பெரிய ரைஃபிள் ஒன்றின் சத்தம் 160 டெசிபல் வரை போகும். நல்ல சைலன்ஸர் அதில் 20 முதல் 30 டெசிபல் வரை குறைக்கும். சுடுபவரின் காதுக்கு அது பெரிய உதவி, ஆனாலும் சத்தம் கேட்கும். தோட்டா சத்தத்தைவிட வேகமாகப் போகும்போது காற்றில் ஒரு சாட்டையடிச் சத்தம் எழும். அதைச் சைலன்ஸரால் தடுக்க முடியாது. நிஜமாகவே அமைதி வேண்டும் என்றால் சத்தத்தைவிட மெதுவாகப் போகும் தோட்டாவைப் போட வேண்டும். அப்படிப் போட்டால் தோட்டாவின் பலம் குறையும், கிட்டே போக வேண்டும், குறி இன்னும் சரியாக இருக்க வேண்டும். முயலுக்கு அது போதும். தோள்பட்டையில் கேடயம் மாதிரி தடித்த தோல் உள்ள ஆண் பன்றிக்குப் போதாது. அடிபட்டு, சாகாமல் ஓடும் பன்றி ரொம்ப ஆபத்து.

சுற்றி வந்து எங்கே நிற்கிறோம் பாருங்கள். அமைதி வேண்டுமா, கிட்டே போ. கிட்டே போனால் பொறுமையும் குறியும் வேண்டும். ஓரி நின்ற அதே இடம்!

ஆயுதம் தேர்ந்தெடுப்பவர் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது. சத்தத்தைவிட, குறியைவிட அதுதான் முக்கியம். குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

வன்பரணர் பாட்டை இந்தக் கேள்வியோடு திரும்பிப் பாருங்கள். ஓரி குறி வைத்தது எதுவாக இருந்தாலும், அம்பு அங்கே நிற்கவில்லை. கடைசியாக அடிபட்ட உடும்பு புற்றுக்குள் தன் பாட்டுக்கு இருந்தது. பாட்டில் அது பெருமை, ஏனென்றால் அது மன்னரின் வலிமையைச் சொல்லும் பாட்டு. நிஜ மலையில் அது பயம். சின்ன முயல் துப்பாக்கியின் தோட்டாகூட ஒரு கிலோமீட்டரைத் தாண்டிப் போகும். கொல்லிமலையில் சரிவுக்குச் சரிவு வீடு, வீட்டுக்கு வீடு ஒற்றையடிப் பாதை. ராத்திரி இருட்டில், பன்றி என்று நினைத்துச் சுட்டதற்குப் பின்னால் ஐந்தாவதாக நிற்பது உடும்பாக இருக்க வேண்டும் என்று எந்த அவசியமும் இல்லை.

கொடுத்துக்கொண்டே இருந்த கை

ஓரியின் வாழ்க்கையில் வேட்டை ஒரு பகுதிதான். புலவர்கள் அவரைத் தேடி மலையேறியது கொடுக்கும் கைக்காக.

அடுத்த பாட்டு, புறநானூறு 153. அதுவும் வன்பரணர்தான். பசியோடு போன குழுவுக்கு ஓரி பொன்னால் ஆன பூக்களையும் அணிகலன்களையும் யானைகளையும் கொடுக்கிறார். அவர்கள் சாப்பிட்ட சாப்பாட்டில், ஆடவும் பாடவுமே மறந்துபோகிறார்கள்! விருந்து எவ்வளவு பலமாக இருந்தது என்பதை இதைவிடச் செல்லமாகச் சொல்ல முடியாது.

கழைதின் யானையார் என்ற புலவரின் பாட்டு வேறு மாதிரி. ஒருவரிடம் போய்க் கொடு என்று கேட்பது தாழ்வு, கேட்டவருக்கு இல்லை என்பது அதைவிடத் தாழ்வு என்கிறார். தானாகக் கொடுப்பது உயர்வு, கொடுத்ததை வேண்டாம் என்று மறுப்பது அதைவிட உயர்வு. கேட்பவரின் மானமும் கொடுப்பவரின் மானமும் ஒரே தராசில் நிற்கும் பாட்டு அது. ஓரியின் முகத்துக்கு நேரே இதைப் பாட ஒரு புலவரால் முடிந்திருக்கிறது. அவ்வளவு உரிமை எடுத்துக்கொள்ள விட்ட மன்னர்.

கூத்தர்களுக்கு ஓரி பூமரங்கள் நிறைந்த சிறுகுன்றுகளோடு கூடிய நல்ல நாட்டையே கொடுத்தார் என்று சிறுபாணாற்றுப்படை சொல்கிறது. இன்று கொல்லிமலை ஊராட்சிகளின் பெயர்ப் பலகையைக் கவனியுங்கள். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு என்றுதான் இருக்கும். மலைக்கு மேலே ஒவ்வொரு பகுதியும் இன்னும் ஒரு நாடுதான்.

காரி வந்த நாள்

முன்பு ஞாபகம் வைக்கச் சொன்ன காரி இப்போது வருகிறார்.

மலையமான் திருமுடிக்காரி. திருக்கோவலூரையும் முள்ளூரையும் ஆண்டவர். அவரும் பெரிய வள்ளல், அவரைப் புகழ்ந்து கபிலரே பாடியிருக்கிறார். அதே சமயம் அவர் பெரிய போர்வீரர். எந்த வேந்தருக்குப் போர் வந்தாலும் காரியின் துணை தேவைப்பட்டது. அதற்காகவே வேந்தர்கள் அவருக்குப் பொருள் அனுப்பினார்கள்.

சேரருக்குக் கொல்லிமலை மேல் கண் இருந்தது. காரி சேரர் பக்கம் நின்று ஓரியோடு மோதினார். சிறுபாணாற்றுப்படையின் ஒரே மூச்சில் இரண்டு குதிரைகளும் எதிரெதிரே வருகின்றன. காரி என்ற குதிரை மேல் காரி. ஓரி என்ற குதிரை மேல் ஓரி. ஒரே லிஸ்ட்டில் இருக்கும் இரண்டு வள்ளல்கள்.

ஓரி கொல்லப்பட்டார். காரி கொல்லிமலையைச் சேரருக்குக் கொடுத்தார். அகநானூற்றில் கல்லாடனார் இதைச் சொல்லும்போது, பலா மரங்கள் நிறைந்த அந்த மலையின் வளத்தையும் சேர்த்தே சொல்கிறார். எதற்காகப் போர் நடந்தது என்று அதிலேயே புரிந்துவிடுகிறது.

கொல்லிமலையில் அன்றைக்கு எழுந்த சத்தம் நற்றிணைக்குள் வந்திருக்கிறது. அது கபிலரின் பாட்டு. போர்ப் பாட்டே இல்லை, காதல் பாட்டு. ஊருக்குள் ஒருத்தி நடந்து வந்ததும் ஊரே கலகலத்துப் போனதைச் சொல்ல ஓர் உவமை தேவைப்படுகிறது. ஓரியைக் கொன்றுவிட்டு, ஓரியின் பெரிய தெருவுக்குள் காரி நுழைந்தபோது எழுந்த ஆரவாரத்தை எடுத்துக்கொள்கிறார் கபிலர். ஒரு காதல் பாட்டில் உவமையாகச் சொல்லும் அளவுக்கு அந்தச் சத்தம் தமிழ்நாட்டுக்கே தெரிந்திருந்தது.

சத்தமில்லாமல் அம்பு விட்டவர், பெயரைச் சொன்னாலே கூச்சப்பட்டவர். அவர் தெருவில் கேட்ட அவ்வளவு பெரிய சத்தத்தைக் கேட்க அவர் இல்லை.

இந்தப் பாடல்கள் பல நூற்றாண்டுகள் ஓலைச்சுவடிகளில் கிடந்தன. 1894-ல் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றை அச்சில் கொண்டுவந்தார். நம்முடைய போன் ஸ்கிரீன் வரைக்கும் ஓரி வந்து சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்றைக்கு ஓரி இருந்தால்?

மலைக்கு வேந்தர் போய்ச் சட்டம் வந்துவிட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி யாரும் தன் விருப்பத்துக்குக் காட்டுப்பன்றியைச் சுட முடியாது, வில்லாலும் முடியாது. சைலன்ஸர் ஆசையும் வேண்டாம். ஆயுதச் சட்டம், 1959 துப்பாக்கிக்குச் சொல்லும் விளக்கத்திலேயே, சத்தத்தைக் குறைக்கும் அந்தத் துணைக்கருவியையும் சேர்த்திருக்கிறது. துப்பாக்கியே இல்லாமல் அந்தக் குழாயை மட்டும் வைத்திருந்தாலும் மாட்டிக்கொள்வீர்கள்.

2025 ஜனவரியில் தமிழக அரசு பன்றிகளுக்காக ஒரு கணக்குப் போட்டது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைப் பிடிக்கவும் கூடாது, சுடவும் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால், பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். பன்றியால் பயிர் போகிறது என்பதை அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் கொல்லிமலை மாதிரி காடும் வயலும் தோள் உரசி நிற்கும் இடத்தில், பல தோட்டங்கள் அந்த முதல் கிலோமீட்டருக்குள்ளேயே வந்துவிடும். விளைந்த மரவள்ளி ஒரே ராத்திரியில் போனால், அந்த வீட்டுக்கு அது ஒரு வருடச் சம்பளம். அந்தக் கோபம் நியாயமானது.

அந்தக் கோபத்தில்தான் சிலர் குறுக்கு வழிக்குப் போகிறார்கள். கரிமருந்தும் பால்ரஸ் குண்டும் இடித்து நிரப்பும் நாட்டுத் துப்பாக்கி. வேலியில் திருட்டு மின்சாரம். பழத்துக்குள் மறைத்து வைக்கும் அவுட்டுக்காய். மூன்றுக்கும் ஒரு ஒற்றுமை இருக்கிறது. எதிரே வருவது யார் என்று அவை பார்ப்பதில்லை. மின்வேலிக்குப் பன்றியும் தெரியாது, விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்ச வரும் பக்கத்துத் தோட்டக்காரரும் தெரியாது. அவுட்டுக்காய்க்கு யானைக்குட்டியும் ஒன்றுதான். ஒரு நாட்டுத் துப்பாக்கியில் இருந்து சிதறும் குண்டுகள் எங்கே போய் நிற்கும் என்று சுட்டவருக்கே தெரியாது. இப்படிப் போன உயிர்களைப் பற்றிய செய்தியை நீங்களும் ஸ்க்ரோல் செய்து கடந்திருப்பீர்கள்.

அப்படியானால் என்ன செய்வது? கொஞ்சம் போரடிக்கும் வேலைகள்தான். பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையிடம் போட்டோ ஆதாரத்தோடு இழப்பீடு கேட்டு மனு கொடுப்பது. அந்த போட்டோவை எடுக்கவும், மனுவை ஆன்லைனில் தேடவும் போன் கையில் இருக்கும் பையனோ பொண்ணோதான் வீட்டில் சரியான ஆள். பக்கத்துத் தோட்டக்காரர்களோடு முறை வைத்துக் காவல் இருப்பது. தோட்டத்தைச் சுற்றி முள்வேலியும் வலையும் போடுவது. பன்றி ஊர் எல்லைக்குள் வெகுதூரம் வந்தால் வனத்துறைக்குச் சொல்வது. ஒரு வேலியில் ஒருவர் மட்டும் கவனமாக இருந்தால் பன்றி அடுத்த தோட்டத்துக்குப் போகும். சேர்ந்து செய்தால்தான் பலன்.

ஒவ்வொரு வருடமும் ஆடி 17, 18-ல் கொல்லிமலையில் அரசு சார்பில் வல்வில் ஓரி விழா நடக்கும். ஆடிப்பெருக்குக் கூட்டத்தோடு மலையே நிரம்பி வழியும். அதில் வில்வித்தைப் போட்டியும் உண்டு. அடுத்த முறை போனால் கொஞ்ச நேரம் அங்கே நின்று பாருங்கள். வில்லை வளைக்கும் பையன் மூச்சைப் பிடித்து நிறுத்துவான். சுற்றியிருக்கிற கூட்டமும் தானாக அடங்கும். அம்பு பலகையில் போய்க் குத்தி நிற்கும்.

பலகைக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை என்று பார்த்த பிறகுதான் அந்த அம்பை விடச் சொல்வார்கள். ஓரியின் மலையில் இன்றைக்கு வில் எடுக்கும் பிள்ளை முதலில் கற்றுக்கொள்ள வேண்டியதும் அதுதான்.